சுவர் இருந்தால்தான் சித்திரம்: அமெரிக்க ஃபுட்பால் அணியை லைனிலிருந்து கட்டுவது சரியா?

சிகாகோ_குமரன் | 2025 மார்ச் 14, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நான் சிகாகோ பியர்ஸ் ரசிகன். போன சீசன்ல எங்க குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவர்) கேலப் வில்லியம்ஸ் 68 தடவை சாக் ஆனார், அதாவது வீசறதுக்கு முன்னாடியே கீழே சாய்க்கப்பட்டார். லீக்லயே அதுதான் அதிகம். 5 வெற்றி, 12 தோல்வி. பந்து அவர் கைக்கு வந்து மூச்சு விடுறதுக்குள்ள மேல ரெண்டு பேர் விழுந்து கிடப்பாங்க. காலேஜ் வீரர்களை அணிகள் முறை வெச்சு எடுக்கிற டிராஃப்ட்ல, 2024-ல முதல் ஆளா எடுத்த பையனை ஒரு வருஷம் முழுக்க இப்படி அடிவாங்க விட்டது எனக்கு இன்னும் ஆறலை.

இந்த மார்ச்ல கதை மாறியிருக்கு. சீஃப்ஸ்கிட்ட இருந்து ஜோ தூனியை, 2026-ன் நாலாவது சுற்று பிக் (டிராஃப்ட்ல ஆள் எடுக்கிற வாய்ப்பு) ஒண்ணைக் கொடுத்து வாங்கிட்டாங்க. ராம்ஸ்ல இருந்து ஜோனா ஜாக்சன். ஃபால்கன்ஸ்ல இருந்து சென்டர் ட்ரூ டால்மன். ரெண்டு கார்டு, ஒரு சென்டர், குவார்ட்டர்பேக்குக்கு முன்னால சுவர் மாதிரி நிக்கிற லைனோட நடுப்பகுதி மொத்தமும் புதுசு. எதிரணியைத் தடுக்கிற பக்கத்து லைனுக்கும் கிரேடி ஜாரெட், டேயோ ஒடெயிங்போன்னு ரெண்டு பேர்.

இன்னும் 10-ஆவது பிக் கையில இருக்கு. இங்க ஆபீஸ்ல பாதி பேர் "லைனுக்குப் போதும், இனி ஓடுறவன், பிடிக்கிறவன் யாரையாவது எடு"ங்கறாங்க. எனக்கு அதையும் லைனுக்கே போடணும்னு தோணுது. வெற்றி அணியை லைன்ல இருந்துதான் கட்டணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

ஃபில்லி_வாசு | மார்ச் 14, இரவு 10:40

குமரன், பிப்ரவரி 9 ராத்திரி நியூ ஆர்லியன்ஸ்ல சூப்பர் பவுல்ல (லீக்கோட இறுதிப் போட்டி) நடந்ததை நினைச்சுப் பாருங்க. ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22. ஸ்கோரைப் பார்த்தா ஏதோ போட்டி மாதிரி இருக்கும். மூணாவது குவார்ட்டர்ல ஒரு கட்டத்துல அது 34-0.

சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மகோம்ஸை 6 தடவை சாக் பண்ணினாங்க. அதைவிடப் பெரிய விஷயம், அந்த மேட்ச் முழுக்க ஈகிள்ஸ் ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பலை. வழக்கமா குவார்ட்டர்பேக்கை விரட்டணும்னா நாலு பேரோட சேர்த்து அஞ்சாவது, ஆறாவது ஆளையும் அனுப்புவாங்க. அனுப்பினா பின்னாடி ஒரு இடம் காலியாகும். மகோம்ஸ் மாதிரி ஆளுக்கு அந்தக் காலி இடம் போதும், கண்ணை மூடிக்கிட்டு அங்க வீசிடுவார். ஈகிள்ஸ் முன்னால நாலே பேர், பின்னால ஏழு பேர். அந்த நாலு பேரே வேலையை முடிச்சுட்டா பின்னால இருக்கிற ஏழு பேருக்கும் கவலையே இல்லை. இதுதான் டி-லைன் (தடுக்கிற பக்கத்து லைன்) வாங்கித் தர்ற லாபம்: ஆள் கணக்குல எப்பவும் ஒருத்தர் மிச்சம்.

அந்த நாலு பேர் எங்க இருந்து வந்தாங்கன்னும் பாருங்க. ஜோர்டன் டேவிஸ் 2022-ல 13-ஆவது பிக். ஜேலன் கார்ட்டர் 2023-ல 9-ஆவது. நோலன் ஸ்மித் அதே வருஷம் 30-ஆவது. மூணு பேரும் ஜார்ஜியா பல்கலைக்கழகம். ஆனா அன்னைக்கு ரெண்டரை சாக் எடுத்த ஜாஷ் ஸ்வெட் நாலாவது சுற்று, ரெண்டு எடுத்த மில்டன் வில்லியம்ஸ் மூணாவது சுற்று. கார்ட்டர் பேர்ல ஒரு சாக்கும் இல்லை. அவர் மேல ரெண்டு ரெண்டு பேர் விழுந்ததாலதான் பக்கத்துல இருந்தவங்களுக்கு ஒத்தைக்கு ஒத்தை கிடைச்சது.

இப்ப மறுபக்கம். பந்தோட ஓடுறவர் சாக்வான் பார்க்லி 2023-ல ஜயன்ட்ஸுக்கு ஓடினது 962 யார்டு. அந்த வருஷம் ஜயன்ட்ஸ் லைன் 85 சாக் விட்டுக் கொடுத்த லைன். அடுத்த வருஷம் ஈகிள்ஸுக்கு வந்தார், 2,005 யார்டு. ஆளும் அதே ஆள், காலும் அதே கால். முன்னால நின்ன அஞ்சு பேர்தான் வேற: மைலாட்டா, டிக்கர்சன், ஜர்கன்ஸ், பெக்டன், லேன் ஜான்சன்.

அதுல ஜோர்டன் மைலாட்டா கதை எனக்கு எப்பவும் உசிர். ஆஸ்திரேலியாவுல ரக்பி லீக் ஆடின பையன். 2018-ல ஏழாவது சுற்றுல எடுத்தப்போ வாழ்க்கைல ஒரு ஃபுட்பால் மேட்ச்கூட ஆடினது கிடையாது. ரெண்டு சீசன் அவரைக் களத்துல இறக்கவே இல்லை. லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பக்கத்துல வெச்சு, கால் எப்படி வைக்கணும், கை எங்க படணும்னு அ, ஆ-வுல இருந்து சொல்லிக் கொடுத்தார். 2020-லதான் முதல் மேட்ச். இப்ப லீக்லயே சிறந்த லெஃப்ட் டேக்கிள்கள்ல ஒருத்தர்.

---

புதுசு_நந்தினி | மார்ச் 15, காலை 7:55

மன்னிக்கணும், நடுவுல நுழையறேன். கல்யாணம் ஆகி ஒஹாயோ வந்து ரெண்டு வருஷம். வீட்ல எல்லாரும் பார்க்கிறதால நானும் பார்க்கிறேன். சாக்னா பந்தை வீசறதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்க்கறதுங்கறது வரைக்கும் புரியுது. ஆனா இந்த லைன்ல இருக்கிறவங்க பந்தைத் தொடறதே இல்லையே? ஒருத்தர ஒருத்தர் தள்ளிக்கிட்டே இருக்காங்க. அதுல நல்லவர் யார், சுமார் யார்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

---

டெக்சாஸ்_அப்பா | மார்ச் 15, காலை 10:20

நந்தினிம்மா, நல்ல கேள்வி கேட்டீங்க. என் பையன் இங்க ஹைஸ்கூல்ல லெஃப்ட் கார்டு ஆடுறான், பதினொண்ணாம் வகுப்பு. மூணு வருஷமா வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தப் பலகைல உட்கார்ந்து அவனைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கே இந்த ஆட்டம் புரிஞ்சது. அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

தாக்குற பக்கத்துல அஞ்சு பேர். நடுவுல சென்டர், பந்தைக் கால் இடுக்கு வழியாப் பின்னால கொடுக்கிறவர். அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, அதுக்கு வெளியே டேக்கிள். சட்டைல 50-ல இருந்து 79 வரைக்கும் எண் இருக்கும். இவங்க பாஸ் பிடிக்கக் கூடாது, பாஸ் ஆட்டத்துல முன்னால ஓடிப் போகவும் கூடாது. ஓட்ட ஆட்டத்துல எதிராளியை நகர்த்திச் சந்து உண்டாக்கணும். பாஸ் ஆட்டத்துல எதிராளியை ரெண்டரை, மூணு செகண்டு நிறுத்தி வைக்கணும். கேட்கும்போது அவ்வளவுதானான்னு இருக்கும். முந்நூறு பவுண்டுக்காரன் ஓடி வந்து மோதும்போது மூணு செகண்டுங்கறது ரொம்ப நீளம்.

பலம் இருந்தா போதும்னுதான் நானும் நினைச்சேன். கிடையாது. யார் தாழ்வா இருக்காரோ அவர்தான் ஜெயிப்பார். இடுப்பை இறக்கி, முழங்காலை மடக்கி, கையை எதிராளியோட நெஞ்சுக்கு உள்பக்கமா வைக்கணும். கை தோளுக்கு வெளியே போய்ச் சட்டையைப் பிடிச்சா ஹோல்டிங், 10 யார்டு அபராதம். என் பையனோட கோச் தாழ்வா ஒரு கம்பிக் கூரை போட்டு அதுக்கு அடியிலயே எல்லாரையும் நடக்க விடுவார். ஆகஸ்ட் மாச டெக்சாஸ் வெயில்ல அதைப் பார்த்தா பெத்த மனசு தாங்காது.

இன்னொண்ணு இங்க வந்துதான் தெரிஞ்சுகிட்டேன். எதிரணி மைதானத்துல கூச்சல்ல குவார்ட்டர்பேக் குரல் கேட்காது. அப்போ கார்டுதான் திரும்பிப் பின்னால பார்த்துட்டு, குவார்ட்டர்பேக் சைகை கொடுத்ததும் சென்டரைக் கையால தட்டுவான். அதுக்கப்புறம்தான் பந்து நகரும். அந்தத் தட்டல் ஒரு அரைச் செகண்டு முந்தினாலும் பிந்தினாலும் அஞ்சு பேரும் கலைஞ்சுடுவாங்க.

எங்க ஊர்ல சின்ன வயசுல கபடி ஆடினவன் நான். கையைக் கோத்துச் சங்கிலி போட்டு நிப்போம். நாலு பேர் கெட்டியாப் பிடிச்சிருந்தாலும் அஞ்சாவது ஆள் கையை விட்டா ஏறி வந்தவன் தப்பிச்சுப் போயிடுவான். ஓ-லைன் (தாக்குற பக்கத்து லைன்) அச்சு அசலா அதுதான். நாலு பேர் நல்லா ஆடி ஒருத்தர் சறுக்கினாலும் சாக் சாக்தான்.

யார் நல்லவர்னு கேட்டீங்க. ஒரு மேட்ச் முழுக்க மைக்ல அவர் எண்ணைச் சொல்லலைன்னா அவர் நல்லா ஆடியிருக்கார்னு அர்த்தம். முதல் வருஷம் ஒரே ஒரு தடவைதான் ஒலிபெருக்கில என் பையன் எண் கேட்டது, ஹோல்டிங்னு சொல்றதுக்கு. அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் கார்ல அவன் பேசவே இல்லை.

---

சின்சினாட்டி_செல்வி | மார்ச் 15, மதியம் 1:05

டெக்சாஸ் அண்ணா, உங்க பதிவைப் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. பையனுக்கு என் வாழ்த்துகள்.

ஆனாலும் இந்த "லைன்தான் முதல்" மந்திரத்தை நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன். 2021 டிராஃப்ட்ல பெங்கால்ஸுக்கு 5-ஆவது பிக். முந்தின நவம்பர்லதான் எங்க குவார்ட்டர்பேக் ஜோ பரோவோட முழங்கால் கிழிஞ்சிருந்தது. ஊரே "டேக்கிள் பெனெய் செவெலை எடு, பையனைக் காப்பாத்து"ன்னு கத்துச்சு. அவங்க பந்து பிடிக்கிற ஜமார் சேஸை எடுத்தாங்க. அந்த வருஷமே சேஸ் 1,455 யார்டு, 13 டச்டவுன். ஜனவரி 2-ஆம் தேதி சீஃப்ஸுக்கு எதிரா மட்டும் 266 யார்டு. அடுத்து டென்னஸி போய் பரோ 9 தடவை சாக் வாங்கியும் 19-16-னு ஜெயிச்சோம். சூப்பர் பவுல் வரைக்கும் போனோம். அந்த லைனை வெச்சுக்கிட்டு அங்க கொண்டு போனது யார்? வீசினவரும் பிடிச்சவரும்தானே?

---

டெட்ராய்ட்_மணி | மார்ச் 15, மதியம் 1:31

அக்கா, நீங்க விட்ட செவெல் ரெண்டு இடம் தள்ளி 7-ஆவது பிக்கா எங்ககிட்ட வந்தார். ரொம்ப நன்றி. ஜாரெட் காஃபை ராம்ஸ் வேண்டாம்னு அனுப்பிச்சாங்க. அவர் ஓடித் தப்பிக்கிற ஆள் இல்லை, நின்ன இடத்துல நின்னு வீசுறவர். டெக்கர், ராக்னோ, செவெல் முன்னால நின்னதும் அதே காஃப் 2023-ல 12 வெற்றி, 2024-ல 15 வெற்றி.

---

சின்சினாட்டி_செல்வி | மார்ச் 15, மதியம் 1:40

15 வெற்றிக்கு அப்புறம் என்ன ஆச்சு தம்பி? வாஷிங்டன்கிட்ட சொந்த மைதானத்துல 45-31.

---

டெட்ராய்ட்_மணி | மார்ச் 15, மதியம் 1:58

ஆமா. எய்டன் ஹட்சின்சன் 5 மேட்ச்ல ஏழரை சாக்கோட ஆடிக்கிட்டு இருந்தப்போ அக்டோபர்ல கால் முறிஞ்சது. டிசம்பர்ல அலிம் மெக்நீல் முழங்கால். ஓ-லைன் கல்லு மாதிரி நின்னுச்சு, எங்க டி-லைன்ல விரட்ட ஆளே இல்லாமப் போச்சு. 45 பாயின்ட் எப்படி வந்துச்சுன்னு அதுலயே தெரியும். உங்க பேச்சுக்கு இது பதில் இல்லை அக்கா, குமரன் அண்ணன் பேச்சுக்குச் சாட்சி.

---

டல்லாஸ்_ராஜேஷ் | மார்ச் 15, மாலை 6:14

ஓ-லைனை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. 2011-இல் டைரன் ஸ்மித், 2013-இல் டிராவிஸ் ஃப்ரெடரிக், 2014-இல் ஸாக் மார்ட்டின் என்று மூன்று முதல் சுற்று பிக்குகளை லைனில் போட்டார்கள். 2014-இல் டிமார்கோ முரே 1,845 யார்டு. 2016-இல் நாலாவது சுற்றில் எடுத்த புதுப் பையன் டாக் பிரெஸ்காட்டை வைத்துக்கொண்டே 13 வெற்றி. குவார்ட்டர்பேக்குக்கு அந்த லைன் தொட்டில் கட்டிக் கொடுத்தது.

இரண்டு வருடமும் கிரீன் பே எங்களைக் கவிழ்த்தது. 2016 சீசனின் அந்தக் கடைசி நிமிடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்கோர் சமம், மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 20 யார்டு வேண்டும், கடிகாரத்தில் 12 செகண்டு. ஆரன் ராட்ஜர்ஸ் இடது பக்கம் நிதானமாக ஓடிக்கொண்டே ஜாரெட் குக்குக்கு 35 யார்டு வீசினார். அவரை விரட்டிப் பிடிக்க ஒருவரும் நெருங்கவில்லை. அடுத்து 51 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது). 34-31. மறுபக்க லைனுக்கும் அதே அக்கறையைக் காட்டியிருந்தால் அந்தப் பந்து அவர் கையை விட்டே போயிருக்காது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

---

பழைய_வாஷிங்டன் | மார்ச் 16, காலை 8:30

பிள்ளைகள் எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். நான் 1981-இல் மேற்படிப்புக்கு வந்தவன். ஆர்எஃப்கே மைதானத்துக்கு அருகில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதனால் ஹாக்ஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

வாஷிங்டன் அணியின் லைன் கோச் ஜோ பூகல் தன் ஆட்களுக்குச் செல்லமாக வைத்த பெயர் அது, 'பன்றிகள்' என்று பொருள். ரஸ் கிரிம், ஜோ ஜேகபி, ஜெஃப் பாஸ்டிக், மார்க் மே, ஜார்ஜ் ஸ்டார்க். இதில் ஜேகபியையும் பாஸ்டிக்கையும் டிராஃப்டில் ஒரு அணியும் எடுக்கவில்லை. ரசிகர்கள் மூக்கில் பன்றி மூக்கை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள். லைன்காரர்களுக்கென்று ஓர் ஊரே இப்படிக் கொண்டாடியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தலைமைக் கோச் ஜோ கிப்ஸ் மூன்று சூப்பர் பவுல் வென்றார், 1982, 1987, 1991 சீசன்களில். மூன்றிலும் குவார்ட்டர்பேக் வேறு வேறு ஆள்: தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். ஓடினவர்களும் வேறு வேறு. ஜான் ரிகின்ஸ் மயாமிக்கு எதிராக 166 யார்டு ஓடினார். டென்வருக்கு எதிராக டிம்மி ஸ்மித் என்ற அறிமுக வீரர் 204 யார்டு. சூப்பர் பவுலில் அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவர் பெரிதாக ஒன்றும் ஆடியதில்லை. ஒரு சாதாரண ஆளை அந்த ஒரு மாலைக்கு மாவீரனாக்கினது யார்? 1991-இல் சீசன் முழுவதற்கும் அந்த லைன் விட்டுக்கொடுத்த சாக் வெறும் 9. குமரன் தம்பி, உங்கள் பையன் ஒரே வருடத்தில் 68 வாங்கினான் என்று எழுதியிருந்தீர்கள், அதோடு சேர்த்துப் பாருங்கள்.

லைனில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் கண்ணால் பார்த்தேன். 1985 நவம்பர் 18, திங்கள் இரவு. எதிரணியின் லாரன்ஸ் டெய்லர் வந்து விழுந்ததில் தைஸ்மனின் கால் இரண்டாக மடிந்தது. அத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. அன்று காயத்தால் ஜேகபி ஆடவில்லை.

---

டொராண்டோ_கீரன் | மார்ச் 16, பின்னேரம் 4:10

ஐயா எழுதினதை வாசிக்கவே சந்தோசமாக் கிடக்கு. நான் இஞ்ச டொராண்டோவில இருந்து பஃபலோ பில்ஸைப் பார்க்கிறனான். எல்லை தாண்டினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள மைதானம்.

எங்கட பெரிய காயம் 1991 ஜனவரி 27. அதுக்கு முந்தின மேட்சில ரெய்டர்ஸை 51-3 எண்டு அடிச்ச அணி எங்கட. அவ்வளவு வேகம். ஜயன்ட்ஸிட்ட இருந்தது மாற்று குவார்ட்டர்பேக் ஜெஃப் ஹோஸ்டெட்லர். அவை என்ன செய்தவை தெரியுமோ? பந்தை எங்களிட்டத் தரவே இல்லை. 40 நிமிசம் 33 செகண்டு தங்கட கையிலயே வச்சிருந்தவை. மூண்டாவது குவார்ட்டரில ஒரே ஓட்டமா 9 நிமிசத்துக்கு மேல தள்ளித் தள்ளிக் கொண்டு போய் டச்டவுன் போட்டவை. எங்கட ஆக்கள் பக்கத்தில இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டு நிண்டவை. கடைசியில 20-19. எல்லாரும் அந்தத் தவறின 47 யார்டு உதையைப் பற்றித்தான் கதைப்பினம். பாவம் அந்த மனிசன். மேட்ச் போனது அந்த 40 நிமிசத்திலதான்.

ஆனா செல்வி அக்காவின்ர பக்கமும் நியாயம் இருக்கு. 2024-ல எங்கட குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் முழுச் சீசனுக்கும் 14 சாக்தான் வாங்கினவர். அவ்வளவு நல்ல ஓ-லைன். எண்டாலும் சீஃப்ஸிட்ட 32-29. நாலாவது குவார்ட்டரில ஒரு புள்ளி முன்னுக்கு நிக்கேக்க, நாலாவது டவுனில ஒரு அடி தூரம் வேணும். ஆலன் தலையைக் குனிஞ்சு தள்ளினார். சீஃப்ஸின்ர டி-லைன் விடேல்ல. லைனோட லைன் மோதினதில அண்டைக்கு அவை வென்றவை.

---

ஃபில்லி_வாசு | மார்ச் 16, இரவு 11:25

ரெண்டு நாளா எல்லாரும் எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். நாம எல்லாரும் "லைன், லைன்"னு ஒரே வார்த்தையாச் சொல்றோம். ரெண்டும் ஒரே மாதிரி ஜாதி இல்லை, ஒரே மாதிரி கட்டவும் முடியாது. நான் சொல்ல வர்றது இதுதான்.

டெக்சாஸ் அண்ணன் சொன்ன கபடிச் சங்கிலியை எடுத்துக்கோங்க. ஓ-லைனை அளக்கிறது அதுல இருக்கிற மோசமான ஆளை வெச்சு. நாலு வைரம் ஒரு கூழாங்கல்லுன்னா அது கூழாங்கல் லைன்தான், எதிரணி கோச் நேரா அந்த ஆள் மேலதான் ஆளை ஏவுவார். அதனால இங்க பெரிய நட்சத்திரம் ஒருத்தரைத் தேடறதைவிட ஓட்டை இல்லாம அடைக்கிறதுதான் முக்கியம். அதுக்குத்தான் ஏழாவது சுற்று மைலாட்டா, ஆறாவது சுற்று ஜேசன் கெல்சி மாதிரி ஆளுங்களைப் பிடிச்சு, நல்ல கோச்சைக் கொடுத்து, பொறுமையா வருஷக்கணக்கா ஒண்ணா ஆட விடணும். மெகாய் பெக்டனை ஜெட்ஸ் 2020-ல 11-ஆவது பிக்கா எடுத்துக் கைவிட்டாங்க. நாங்க ஒரு வருஷ ஒப்பந்தத்துல கூட்டிட்டு வந்து, டேக்கிளா இருந்தவரைக் கார்டா மாத்தினோம். ஸ்டவுட்லண்ட் 2013-ல இருந்து ஒரே இடத்துல இருக்கார். தலைமைக் கோச் மூணு பேர் மாறியாச்சு, அவர் மட்டும் அப்படியே. என்னைக் கேட்டா எங்க அணியோட முதல் சொத்து அவர்தான்.

டி-லைன் நேர் எதிர். அதை அளக்கிறது சிறந்த ஆளை வெச்சு. மத்த மூணு பேர் சுமாரா இருந்தாலும் ஒரு ஆரன் டொனால்டு போதும், மேட்சைத் தனியாக் கொண்டு போயிடுவார். செல்வி அக்காவுக்கு அந்தக் கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கும். 2022 பிப்ரவரி, ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20, நாலாவது டவுன், ஒரு யார்டு வேணும். டொனால்டு பரோவை இடுப்பைச் சுத்திப் பிடிச்சுச் சுழற்றினார், பந்து எங்கயோ போச்சு. அதனால இங்கதான் மேல இருக்கிற பிக்கைச் செலவு பண்ணணும். அதோட எண்ணிக்கையும் வேணும். முந்நூறு பவுண்டு உடம்பை வெச்சுக்கிட்டு ஒரு மேட்ச்ல வர்ற அறுபது ஆட்டத்துக்கும் ஒருத்தரால ஓட முடியாது. நாலாவது குவார்ட்டர்ல புதுக் காலோட வர்ற ரெண்டாவது நாலு பேர்தான் மேட்சை முடிப்பாங்க.

எங்க பக்கத்துக் குறையையும் சொல்லிடறேன். 2022-ல எங்க டி-லைன் 70 சாக் எடுத்தது, சரித்திரத்துலயே முன்வரிசைக் கணக்கு. அரிசோனாவுல சூப்பர் பவுல்ல அதே ஆளுங்களுக்கு ஒரு சாக்கூட இல்லை. 38-35 தோத்தோம். புல்தரை வழுக்குச்சுன்னு சொல்வாங்க. தரை ரெண்டு அணிக்கும் ஒண்ணுதான். உண்மைக் காரணம் சீஃப்ஸோட லைன். 2021 பிப்ரவரில டாம்பா பேகிட்ட 31-9 வாங்கினப்போ அவங்களோட ரெண்டு டேக்கிளும் காயத்துல வெளியே, மகோம்ஸை 29 தடவை நெருக்கினாங்க. அந்த ஒரு ராத்திரியைப் பார்த்துட்டு அடுத்த மூணு மாசத்துக்குள்ள லைன் மொத்தத்தையும் பிரிச்சுக் கட்டினாங்க: தூனி, ஆர்லாண்டோ பிரவுன், ரெண்டாவது சுற்றுல கிரீட் ஹம்ஃப்ரி, ஆறாவது சுற்றுல டிரே ஸ்மித். அதோட பலன்தான் எங்களுக்கு அரிசோனாவுல கிடைச்ச பூஜ்யம்.

அப்புறம் 2024-ல லெஃப்ட் டேக்கிளுக்கு சரியான ஆள் அமையாம, கார்டா இருந்த தூனியையே அங்க நகர்த்தினாங்க. ஒரே ஒரு இடம்தான். நியூ ஆர்லியன்ஸ்ல அந்தச் சங்கிலி அறுந்தது.

காயமும் ஒரு கணக்கு. 2020-ல எங்க அணி 16 மேட்சுக்கு 14 விதமான லைனைக் களத்துல இறக்கினது. குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் 12 மேட்ச்ல 50 சாக். மொத்தம் 4 வெற்றி. அதனால அஞ்சு பேர் கணக்குப் போடாதீங்க குமரன், எட்டுப் பேர் கணக்குப் போடுங்க.

---

சின்சினாட்டி_செல்வி | மார்ச் 17, காலை 6:48

டொனால்டு சுழற்றின அந்த ஆட்டத்தை நான் இதுவரைக்கும் திரும்பப் பார்த்ததில்லை வாசு. முழு நீளத்துக்கு யாராவது சொன்னாலே அன்னைக்குத் தூக்கம் போயிடும்.

சரி, நேர்மையாச் சொல்றேன். அன்னைக்கு பரோ 7 தடவை சாக். அந்த சீசன், பிளேஆஃப் எல்லாம் சேர்த்து 70. மறு வருஷம் லைனுக்கு மூணு பேரைப் புதுசா வாங்கினாங்க, பிளேஆஃப் வர்றதுக்குள்ள அஞ்சுல மூணு பேர் காயம். கன்சாஸ் சிட்டில 23-20 தோத்தோம். நீங்க சொன்ன எட்டுப் பேர் கணக்கு அங்கதான் உதைச்சது. சேஸை எடுத்தது தப்புன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன். எடுத்த கையோட லைனை அரைகுறையா விட்டது தப்பு.

ஒரு கணக்காளரா இதையும் சொல்லணும். நீங்க பிரிச்ச பிரிவு சம்பளத்துலயும் அப்படியே தெரியுது. 2025-க்கு ஒரு அணிக்கான சம்பள உச்சவரம்பு 279.2 மில்லியன் டாலர். இந்த மாசம் டி-லைன்காரர் மைல்ஸ் கேரட்டுக்கு வருஷத்துக்கு 40 மில்லியன். அதே பணத்துல டிக்கர்சன் மாதிரி உயர்ந்த கார்டு (வருஷம் 21), ஹம்ஃப்ரி மாதிரி உயர்ந்த சென்டர் (வருஷம் 18) ரெண்டு பேரையும் வாங்கிடலாம். உங்க மில்டன் வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்துக்குப் போனது நாலு வருஷத்துக்கு 104 மில்லியனுக்கு. டி-லைன்காரரைச் சந்தைல வாங்கினா வீட்டை அடகு வைக்கணும், அதனால டிராஃப்ட்ல எடுக்கணும். ஓ-லைன்ல நடு இடங்களைச் சந்தைல வாங்கலாம். பியர்ஸ் இந்த மாசம் செஞ்சது அதுதான். எனக்கு அது புத்திசாலித்தனமாப் படுது.

---

புதுசு_நந்தினி | மார்ச் 17, இரவு 8:02

எல்லாத்தையும் படிச்சேன். பாதி புரிஞ்சது, மீதியை எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். டிவில பார்க்கும்போது கண்ணை எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க அண்ணா. பந்து போற பக்கமே கண்ணு ஓடிடுது.

---

டெக்சாஸ்_அப்பா | மார்ச் 17, இரவு 9:15

முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்மா. பந்து நகர்ந்த முதல் ரெண்டு செகண்டு சென்டரையும் அவர் பக்கத்துல இருக்கிற ரெண்டு கார்டையும் மட்டும் பாருங்க. அவங்க முன்னால போனா ஓட்டம், பின்னால உட்கார்ந்தா பாஸ். ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தரைத் தள்ளி, பாதி வழியில ஒருத்தர் மட்டும் பிரிஞ்சு அடுத்த ஆளைப் பிடிக்கப் போவார் பாருங்க, அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொல்லி வெச்சுப் பிரியறது இல்லை. தோளோட அழுத்தத்துலயே ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிஞ்சுக்கறாங்க. என் பையனும் அவன் பக்கத்துல ஆடுற சென்டர் பையனும் ரெண்டு வருஷமா ஒரே மேஜைல சாப்பிட்டு, ஒரே கார்ல போய் வந்துதான் அது வந்தது.

---

சிகாகோ_குமரன் | ஏப்ரல் 26, இரவு 11:50

இழையைத் திரும்ப மேல கொண்டு வர்றேன். டிராஃப்ட் முடிஞ்சாச்சு. 10-ஆவது பிக்ல கோல்ஸ்டன் லவ்லண்டை எடுத்தாங்க, டைட் எண்ட் (லைன் ஓரத்துல நின்னு பந்தும் பிடிக்கிறவர்). பேரைப் படிச்சதும் ஒரு நிமிஷம் மனசு விழுந்துடுச்சு. அடுத்து 39-ல லூதர் பர்டன், பந்து பிடிக்கிறவர். அப்புறம் 56-ல பாஸ்டன் காலேஜ் டேக்கிள் ஆஸி டிரபிலோ, 62-ல டெக்சாஸ் ஏ அண்ட் எம் டி-லைன் ஷெமார் டர்னர்.

செல்வி அக்கா சொன்ன கணக்கை வெச்சுப் பார்த்தா கோபம் கொஞ்சம் தணியுது. நடு மூணு இடத்தைச் சந்தைல வாங்கியாச்சு, ஓரத்துக்கு ஒரு பையனை ரெண்டாவது சுற்றுல எடுத்தாச்சு. டி-லைனுக்கு மேல் பிக் போடாததுதான் வாசு சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கு, அது உறுத்துது.

வாசு, டிரபிலோ காலேஜ்ல ரைட் டேக்கிள், லெஃப்ட் டேக்கிள் ரெண்டும் ஆடினவர். மைலாட்டாவை ரெண்டு வருஷம் உட்கார வெச்ச மாதிரி இவரையும் பொறுமையா வெச்சிருக்கணுமா, இல்லை முதல் நாளே இறக்கணுமா?

---

ஃபில்லி_வாசு | ஏப்ரல் 27, காலை 8:07

மைலாட்டா ஃபுட்பாலே தெரியாம வந்தவர். இவர் தெரிஞ்சவர், அதனால ரெண்டு வருஷம் வேண்டாம். ஆனா ஒரு பக்கத்தை முடிவு பண்ணி அங்கயே விடச் சொல்லுங்க. இடது பக்கம்னா இடது கால்தான் பின்னால போகணும், வலதுன்னா வலது. ஆயிரம் தடவை செஞ்சு பழகின காலை வாராவாரம் மாத்திப் போட்டா எந்தப் பையனும் தடுமாறுவான். ஜூலை முகாம்ல தூனி பக்கத்துல இவரை நிறுத்தினாங்கன்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க, வந்து பேசறேன்.